பின்னிருக்கை இல்லாத மோட்டார் சைக்கிள்

என் கணவர் பிரதாபன் இறந்து ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசம் முடிந்த கிழமை, அவருடைய பிராடோ ஜீப்பை விற்கப்போகிறேன் என்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் கஜானி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அது எனக்கு வேணும், அம்மா."

கஜானி இந்த நாட்டிலேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கிளென் ஈடனில் எங்கள் வீடு அப்படித்தான் ஓடுகிறது. அவள் சொன்னவற்றை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். ஆனால் "அது எனக்கு வேணும், அம்மா" என்பதை அவள் தமிழிலேயே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வடக்கே காடுகளுக்குள் போய்க் கிவிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றைத்தான். இரண்டு பேராக அனுப்புவார்கள். பைன் மரம் வெட்டுகிற கொம்பனிகள் போட்ட மண் பாதைகளில் போகவேண்டும், சொந்தமாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் இருக்கவேண்டும். வாகனத்தை நான் விற்றால் வேலையும் போய்விடும். விற்காவிட்டால், அவள் அந்தப் பாதைகளில் போவாள்.

அந்தப் பாதைகளில் ஒன்றில்தான் பிரதாபன் இறந்தார்.

போன வருடம் மாரி காலம். சனிக்கிழமைகளில் நானும் அவரும் வாகனத்தை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவோம். அன்று கைப்பாரா பக்கம் ஒரு காட்டுப் பாதை. களிமண்ணில் வாகனம் வழுக்கிப்போய் ஒரு பக்கச் சில்லுகள் பாதையோரக் கானுக்குள் இறங்கிவிட்டன. ஆபத்து ஒன்றும் இல்லை. வாகனக் கூரையில் ஏறி நின்றாலும் ஃபோனுக்கு சிக்னல் வராத இடம், அவ்வளவுதான். மண்வெட்டியால் கொஞ்ச நேரம் வெட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சைத் தடவினார். வாயு என்றார்.

"நீங்கள் வாகனத்துக்குள்ளை இருங்கோ. நான் நடந்துபோய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்," என்றேன்.

"உம்மைத் தனிய இந்தக் காட்டுக்குள்ளை விட்டிட்டு நான் இஞ்ச இருக்கிறதோ? நல்ல கதை."

இரண்டாவது தரமும் சொன்னேன். மூன்றாவது தரம் கோபத்தோடு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். மழைத் தூறலில் இருவரும் நடந்தோம். பெரிய ரோட்டுக் கேற் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கொஞ்சம் இருந்துவிட்டுப் போவோம் என்று மரக்குற்றி ஒன்றில் உட்கார்ந்தவர்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் என்னிடம் உண்மையாகப் பேசினார். அந்த நெஞ்சோடு அவர் ஏற்றத்திலும் சேற்றிலும் நடந்திருக்கக் கூடாது, அசையாமல் இருந்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். அவர் அசையாமல் இருந்திருக்கக்கூடிய மனிதர் இல்லை. எங்கள் ஆட்களில் அப்படி யாரும் இல்லை. ஒருவரைத் தனியே அனுப்பிவிட்டு மற்றவர் காத்திருப்பது எங்களுக்கு வராது. ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போனாலும் மூன்று பேர் போவோம்.

"எங்களிடம் பீக்கன் இருக்கிறது, அம்மா," என்றாள் கஜானி. "ஆபத்தென்றால் பட்டனை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும்."

"வாகனம் சேத்துக்குள்ளை இறங்கினதுக்கு அழுத்துவியோ?"

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"அழுத்தமாட்டாய். வெக்கப்படுவாய். ரெண்டு பேரும் நடப்பியள்."

இந்தப் பேச்சு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மதன்குமாருக்கும் கேட்டிருக்கிறது. திருப்பூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறில் பைக்கைக் கழற்றிப் பூட்டுகிறவர். மறுநாள் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டெப்னி டயர் கொண்டு போறோம்ல? அது மாதிரி ஒரு ஸ்டெப்னி வண்டி. சின்னதா, வெயிட் இல்லாம ஒரு பைக்கைப் பின்னால மாட்டிக்கிட்டுப் போகட்டும். ஒருத்தர் அதுல வெளிய வந்து போன் பண்ணட்டும். பெரிய வண்டி மாட்டிக்கிட்டா சின்ன வண்டி வெளிய வரும்."

அன்று இரவு முழுக்க அதையே யோசித்தேன். காலையில் கஜானியிடம் என் நிபந்தனையைச் சொன்னேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வாகனத்தின் பின்னால் இருக்கவேண்டும். ஒருவருடைய உதவியும் இல்லாமல் அவள் அதை இறக்கவேண்டும், ஓட்டவேண்டும், விழுந்தால் நிமிர்த்தவேண்டும், திரும்ப ஏற்றவேண்டும். இதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை. இல்லையென்றால் வாகனம் விற்பனைக்கு.

"டீல்," என்றாள்.

பிரதாபனின் தம்பி கௌசிகன் மனுரேவாவில் இருக்கிறான். பொருட்கிடங்கு ஒன்றில் சுப்பர்வைசர். செய்தி கேட்டவுடன் தன் வேலை இது என்று எடுத்துக்கொண்டான். அண்ணனுக்குச் செய்ய முடியாமல்போனதை எல்லாம் எங்களுக்குச் செய்யவேண்டும் என்று ஒரு வருடமாக ஓடித் திரிகிறவன். கூரையின் மழைப்பீலியைத் துப்புரவாக்குவான், என்னுடைய காருக்கு எண்ணெய் மாற்றுவான், ஒன்றும் இல்லாவிட்டால் அரிசி மூட்டையோடு வருவான்.

முதல் ஞாயிறு ஒனிஹங்காவில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கிற ஒரு யார்டுக்குப் போனோம். கௌசிகன், கஜானி, நான், மதன்குமார். யார்டின் சொந்தக்காரர் கிரஹாம் என்கிற நரைத்தாடி மனிதர். நாங்கள் நான்கு பேர் இறங்குவதைப் பார்த்து, யாருக்குப் பைக் என்று கேட்டார். நாங்கள் மூவரும் கஜானியைக் காட்டினோம்.

கௌசிகன் நேரே போய் இருநூற்றைம்பது சி.சி. ஒன்றின் பக்கத்தில் நின்றான். நீளமான சீற், உயரமான சில்லு.

"இதுதான் அண்ணி. ரெண்டு பேரும் வசதியா இருந்து வரலாம். எந்தச் சேத்துக்குள்ளாலும் இழுக்கும்."

"என்ன பாரம்?"

"உது என்ன, காகிதத்திலை போட்டிருக்கு. நூத்திச் சொச்சம்."

"அது பெட்ரோல் இல்லாம சார்," என்றார் மதன்குமார். "டேங்க் ரொம்பினா இன்னும் ஏறும். பிராடோ பின்னாடி கொக்கியில பைக்கைத் தாங்குற ராக் மாட்டணும், அந்த ராக்கே ஒரு வெயிட். கொக்கிக்கு வெளிய தள்ளி நிக்கும் பாருங்க, குழியில விழுந்து எழுந்தா ரெண்டு மடங்கா இழுக்கும். ராக்கே வளைஞ்சிரும். எங்க ஊர்ல டிவிஎஸ் 50னு ஒரு வண்டி..."

"தெரியும், தெரியும். உங்கட ஆக்கள் அதிலை குடும்பம், கோழி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏத்துவினம்."

"ஏத்துவோம். ஆனா அந்த வண்டியைத் தூக்கி ஓரமா வைக்கவும் முடியும்ல?"

நான் கொண்டுபோன பழைய கார்ப்பெட்டை நிலத்தில் விரித்தேன். கிரஹாமிடம், இந்தப் பைக்கை இதில் படுக்க வைக்கலாமா என்று கேட்டேன்.

"படுக்க வைக்கவா?"

"விழுந்தால் இவளால் நிமிர்த்த முடியுமா என்று பார்க்கவேண்டும்."

அவர் தாடியைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நாற்பது வருடமாகப் பைக் விற்கிறாராம், ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோரும் கேட்பார்களாம். அவரே படுக்க வைத்தார். கஜானி கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். முகம் சிவந்தது. பைக் ஒரு சாண் எழும்பித் திரும்ப விழுந்தது. கௌசிகன் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"விடுங்கோ," என்றேன். "காட்டுக்குள்ளை நீங்கள் நிக்கமாட்டியள்."

கிரஹாம் அவளுக்கு முறை காட்டினார். பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தவேண்டும். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை சீற்றுக்குக் கீழே. கையால் தூக்கக் கூடாது, காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பவேண்டும். இரண்டாம் முறை பைக் நிமிர்ந்தது, ஆனால் ஏறி உட்கார்ந்தபோது அவளுடைய கால் நுனிதான் நிலத்தில் பட்டது. அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. கார்ப்பெட் இல்லாத பக்கம். கௌசிகன் கிரஹாமிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்தது மின்சாரத்தில் ஓடுகிற ஒன்று. சைக்கிள்போல இலேசு. கஜானிக்கு ஆசை. அதைச் சார்ஜ் போடுவது யார் என்று கேட்டேன். ஃபோனையே சார்ஜ் போட மறக்கிறவள் அவள். சிரித்துவிட்டுத் திருப்பி வைத்தாள். அதற்கடுத்தது பிள்ளைகள் பந்தயம் ஓடுகிறது, லைற்றும் இல்லை, நம்பர் பிளேற்றும் இல்லை. காட்டுக்குள் ஓடலாம், காட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் பொலிஸ் பிடிக்கும். வெளியே வருவதற்குத்தானே பைக்.

அப்போதுதான் கொட்டகையின் மூலையில் புல் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் ஒன்றைக் கண்டேன். சிவப்பு ஹொண்டா, நூற்றிப்பத்து சி.சி. செம்மறிப் பண்ணைக்காரர்கள் வேலி பார்க்கப் போகிற பைக். கிளச் பிடிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஓடிய எம்.டி. 90 மோட்டார் சைக்கிளுக்குத் தம்பிபோல இருந்தது. ஒருவர் இருக்கத்தான் சீற். பின்னால் அகலமான இரும்புக் கரியர். ரோட்டுக்கும் பதிவு செய்திருந்தது.

"எம்டி நைன்ரி!" என்றான் கௌசிகன், தன்னை மறந்து. பிறகு, "உது ஒராளுக்குத்தானே, அண்ணி," என்றான்.

கஜானி அதைக் கார்ப்பெட்டில் படுக்க வைத்தாள். குந்தி, முதுகைக் கொடுத்து, எழும்பினாள். பைக் அவளோடு எழும்பியது. இன்னொரு தரம் செய்யச் சொன்னேன். செய்தாள். மறுபக்கமாகச் செய்யச் சொன்னேன்.

"அம்மா, எனக்குப் பசிக்கிறது."

"செய்."

செய்தாள். ஏறி இருந்தபோது இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் இருந்தன. மிதித்தவுடன் ஸ்ராற் ஆனது. கிரஹாம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, பைக்குக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே சின்ன கியரில் அதைத் தன் பாட்டில் ஏற விட்டுக் காட்டினார். அதையும் அவள் செய்தாள். மதன்குமார் கை தட்டினார்.

கௌசிகன் மட்டும் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கரியரை விரலால் அளந்து பார்த்தான். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அர்த்தம் பிடிபடவில்லை.

ராக் பொருத்தி, அது வாகனத்தின் பின் நம்பர் பிளேற்றை மறைக்கிறது என்று இன்னொன்று வாங்கி, கஜானி மோட்டார் சைக்கிள் லைசென்சுக்குப் பரீட்சை எழுத, மாதம் ஒன்று போய்விட்டது. வாங்கிய பைக் கௌசிகன் வீட்டில் இருந்தது. பிரேக் பார்த்துத் தருகிறேன் என்று கொண்டுபோயிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து இறக்கினான். முகம் முழுக்கச் சந்தோஷம்.

கரியரின் மேல் ஒரு மெத்தை. கறுப்பு ரெக்சின், உள்ளே நல்ல தடிப்பான ஸ்பஞ்ச், நான்கு மூலையிலும் போல்ற். பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் கால் வைக்கப் புதிதாக ஒட்டிய இரும்புக் குற்றிகள். அழகாகச் செய்திருந்தான். அதற்கு எத்தனை பின்னேரம் போயிருக்கும் என்று நினைத்தேன்.

"இப்ப ரெண்டு பேரும் வரலாம், அண்ணி. பிள்ளையைத் தனிய அனுப்பத் தேவையில்லை. மற்றப் பிள்ளையும் அங்கை தனிய இருக்கத் தேவையில்லை."

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கௌசிகன், அண்ணா எப்பிடிச் செத்தவர் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"ஹார்ட் அற்றாக்."

"நடந்ததாலை. என்னைத் தனிய விடமாட்டன் எண்டு என்னோடை நடந்ததாலை."

இதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. டொக்டர் சொன்னதையும் சொன்னேன். ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டதையும் சொன்னேன். கௌசிகன் கேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு பேர் இருக்க இடம் இருந்தால் எங்கட பிள்ளை ரெண்டாவது ஆளையும் ஏத்தும்," என்றேன். "அந்தப் பிள்ளைக்குக் கால் முறிஞ்சிருந்தாலும் ஏத்தும். மழையிலை, சேத்திலை, ரெண்டு பேர் பாரத்தோடை இந்தச் சின்னப் பைக் கவிழும். இடம் இல்லையெண்டால் யோசிக்க ஒண்டுமில்லை. ஒராள் போகோணும், ஒராள் இருக்கோணும்."

"இருக்கிற ஆள் தனிய என்ன செய்யும், அண்ணி? பயந்து போகாதே?"

"தெரியேல்லை," என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக நான் யோசித்து யோசித்து முட்டிக்கொண்டு நின்ற இடம் அதுதான். அவர் என் சொல்லைக் கேட்டு வாகனத்துக்குள் இருந்திருந்தால், தனியே, பயந்துபோய்த்தானே இருந்திருப்பார் என்று.

கௌசிகன் எழும்பிப் போய்த் தன் வாகனத்திலிருந்து ஸ்பானர் எடுத்து வந்தான். போல்ற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசிப் போல்ற் இறுகி நின்றபோது நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். கால் குற்றிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டி எறிவதாகச் சொன்னான். மெத்தை இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் கானைக் கட்டினோம்.

"அண்ணையின்ரை இடத்திலை நான் இருந்திருந்தாலும் நடந்துதான் இருப்பன்," என்றான்.

"ஓம். அதுதான்."

அடுத்த சனிக்கிழமை நானும் கஜானியும் மட்டும் போனோம். பிரதாபன் இறந்த பாதைக்கு அல்ல. அவள் வேலை செய்யப்போகிற காட்டுக்கு. இரண்டாவது ஆளாக நான்தான் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். சம்பல் வைத்த பாண், பிளாஸ்கில் தேநீர், ஒரு போர்வை, ஒரு புத்தகம். மேடும் பள்ளமுமாகப் போய், ஃபோனில் சிக்னல் கோடுகள் எல்லாம் அணைந்த ஓர் இடத்தில் வாகனத்தை நிறுத்தினாள்.

"இப்ப வாகனம் சேத்துக்குள்ளை தாண்டு போச்சு. எனக்குக் காலும் ஏலாது," என்றேன். "இனி உன்ரை பாடு."

இறங்கிப் போனாள். பைக்கைக் கட்டிய பட்டிகளைக் கழற்றுவது கண்ணாடியில் தெரிந்தது. பைக் பலகையில் பின்னுக்கு இறங்கியது. ஒருமுறை சாய்ந்தது. நான் கதவில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவள் நிமிர்த்தி, ஹெல்மெற்றைப் போட்டு, மிதித்து, எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

வளைவுக்கு அப்பால் எஞ்சின் சத்தம் இருமி நின்றுவிட்டது.

ஒரு கால் நிலத்தில், ஒரு கால் வாகனத்துக்குள் என்று நான் நின்றேன். கூப்பிட வாய் வந்தது. பைக்கை ஏற்றிக்கொண்டு வரும்போது பெட்ரோல் குழாயைப் பூட்டவேண்டும் என்று கிரஹாம் சொல்லியிருந்தார். இறக்கியதும் திறக்கவேண்டும். மறந்திருப்பாள். நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. பத்தடி வைத்தும் விட்டேன். அங்கேயே நின்றேன். நான் இங்கே இருக்கவேண்டிய ஆள்.

மிதிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை. திரும்ப மிதிக்கிற சத்தம். பிறகு எஞ்சின் பிடித்தது, சத்தம் சின்னதாகிக்கொண்டே போய்க் காட்டுக்குள் கரைந்தது.

நான் வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். தூறல் தொடங்கியது. தேநீரில் பாதியைக் குடித்தேன். பாண் சாப்பிட்டேன். முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். பைன் மரங்கள் காற்றுக்கு உராய்வது, கூரையில் சொட்டு விழுவது. கொஞ்ச நேரத்தில் அதெல்லாம் வெறும் சத்தம் ஆகிவிட்டது. வாகனத்துக்குள் சூடாக இருந்தது. அவள் போய்க்கொண்டிருக்கிறாள், நான் இருக்கிறேன். என்னிடம் யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பிரதாபன் இங்கே இருந்திருந்தால் ரேடியோவில் கிரிக்கெற் தேடியிருப்பார், கிடைக்காவிட்டால் தனக்குத்தானே ஸ்கோர் சொல்லியிருப்பார். பாணில் எனக்கு ஒரு துண்டும் மிச்சம் வைத்திருக்கமாட்டார். அவர் பயந்து உட்கார்ந்திருப்பதாக நான் ஒரு வருடமாக வைத்திருந்த படம், எவ்வளவு முயன்றும் அந்த இருக்கையில் பொருந்தவில்லை. காத்திருப்பது என்பது காத்திருப்பதுதான், வேறொன்றும் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்தினேன்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கஜானி, நெற்றிவரை சேறு.

"அம்மா! நான் அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், நீங்கள் தூங்குகிறீர்களா?"

"போன் எடுத்தியோ?"

"தார் ரோட்டில் சிக்னல் வந்தது. சித்தப்பாவுக்கு எடுத்தேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு 'கெட்டிக்காரி' என்றார். அழுதாரோ தெரியவில்லை."

"பைக் வழியிலை நிண்டதே?"

"குழாயைத் திறக்க மறந்துபோனேன்." நெற்றிச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன்," என்றாள்.

"வரேல்லையே."

அவள் பைக்கைத் தன்னந்தனியே ஏற்றிக் கட்டுவதை இறங்கி நின்று பார்த்தேன். பட்டி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வாகனத்தைத் திருப்பி ரோட்டுப் பக்கம் எடுத்தபோது, திங்கட்கிழமை வேலைக்குப் போ என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தாள்.

கொஞ்சத் தூரம் போன பிறகு தமிழில் கேட்டாள்.

"தனிய இருக்க பயமா இருந்ததா அம்மா?"

"முதல் இருந்தது," என்றேன். "பிறகு நித்திரை வந்திட்டுது."